கயிற்றில் நானும் ஆற்றில் அப்பாவும்

தைரியசாலி என்று பெயர் எடுப்பது ரொம்பச் சுலபம். பயம் வரக்கூடிய இடத்துக்குப் போகாமல் இருந்தால் போதும்.

பத்தொன்பது வயது வரை நான் அப்படித்தான் தைரியசாலியாக இருந்தேன். தேனி கடைவீதியில் எங்கள் கடை, கடைக்கு மேலே வீடு. படி இறங்கினால் கடை, கடையைத் தாண்டினால் பஸ் நிறுத்தம், பஸ் ஏறினால் கல்லூரி. இந்தப் பாதையில் பயப்படுவதற்கு உருப்படியாக ஒரு தெருநாய்கூடக் கிடையாது. ஆகவே வகுப்பில் யாராவது கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கத்தினால், "இதுக்கெல்லாமா பயப்படுவாக?" என்று சிரிப்பேன். (பூச்சி என் பக்கம் திரும்பாத வரைக்கும்.) மொட்டை மாடியில் வடகம் காயப்போட அம்மா கூப்பிடும்போது மட்டும் எனக்குத் தலைவலி வந்துவிடும். அந்தத் தலைவலிக்கும் உயரத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் அப்பா கயிறு வியாபாரி. கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, லாரியில் சரக்குக் கட்டும் வடக்கயிறு என்று கடை முழுக்கச் சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். நான் ஒரே பெண். எனக்குப் படிப்பு நன்றாக வந்தது. பி.ஏ. முடித்ததும் மெட்ராஸில் விடுதியில் தங்கி எம்.ஏ. படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்.

"அங்கன உனக்கு யாரு இருக்கா? ஒரு காய்ச்சல், தலைவலின்னா கஞ்சி வச்சுத் தர ஆளு வேணாமா?"

போடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு என்னை அனுப்பும்போதே கண்டக்டரிடம் மூன்று தடவை சொல்லி அனுப்புகிறவர். இதைப் பயம் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "நான் பயப்படல. சாக்கிரதையா இருக்கேன்" என்பார்.

எழுபதுகளின் நடுவில், நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரிக்குக் கோயம்புத்தூரிலிருந்து பிரேமா மிஸ் என்று ஒரு விளையாட்டு ஆசிரியை வந்தார். மாணவியர் சுற்றுலாக் குழுவை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை அந்தக் குழு செய்த சாகசமெல்லாம் வைகை அணைப் பூங்காவில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வருவதுதான். பிரேமா மிஸ் வந்ததும், "இந்த வருசம் புளியோதரை இல்லீங்க. சாகசப் பயிற்சி" என்று அறிவித்துவிட்டார். சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைத் தோப்பில் மூன்று நாள் முகாம். பயிற்சி கொடுக்கப்போகிறவர் கோம்பையைச் சேர்ந்த ஒரு முன்னாள் ராணுவ சுபேதார். கயிற்று வலையில் ஏற வேண்டும், மரக்கட்டை மேல் நடக்க வேண்டும், கடைசி நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா ரசம் பிசைந்த கையை இலையிலேயே நிறுத்திவிட்டார்.

"கயித்துல தொங்கப்போறியா? கயிறு எதுக்குன்னு எனக்குத் தெரியும் தாயி. மனுசன் தொங்குறதுக்குன்னு நான் கயிறு வித்ததே இல்ல."

அம்மா குறுக்கே புகுந்தாள். "போயிட்டுத்தான் வரட்டுமே. நீங்க பாட்டுக்கு இப்படியே மறிச்சுக்கிட்டு இருந்தீகன்னா, அவ காலம்பூரா இங்கனயே உக்காந்து கயிறு அளந்து போட வேண்டியதுதான்."

நான் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, மூணு நாளும் கொஞ்சம்கூடப் பயப்படாம இருந்துட்டு வந்தா மெட்ராசுக்கு அனுப்புவீங்களா?"

அப்பா வெகுநேரம் மோரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "மொதல்ல பயப்படாம வா. பாப்போம்" என்றார். அவர் அகராதியில் 'பாப்போம்' என்றால் பாதிச் சம்மதம்.

எங்களை எல்லாம் பேன்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் பிரேமா மிஸ். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. என் தோழி சரோஜா கோம்பைக்காரி, விவசாயக் குடும்பம், வீடு நிறைய அண்ணன்கள். அவர்களில் குண்டான அண்ணனின் காக்கி பேன்ட் என் பங்குக்கு வந்தது. இடுப்பில் நிற்கவே இல்லை. கடைசியில் எங்கள் கடைச் சணல் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால், பாதி நெல் போட்டுக் கட்டிய மூட்டை மாதிரி இருந்தது.

முகாம் முதல் நாளே எனக்கு என்னைப் பற்றிய உண்மை தெரிந்துவிட்டது. சரோஜாவெல்லாம் பிறந்ததிலிருந்து தோட்டத்துக் கிணற்றில் குதித்துப் பழகியவள். வலையில் பல்லி மாதிரி ஏறி, உச்சியில் உட்கார்ந்து, "ஏ கிரேசு, இங்கன வா! கம்பம் வரைக்கும் தெரியுது!" என்றாள். எனக்கு வலையின் இரண்டாவது கண்ணியிலேயே கம்பம், கூடலூர், அதற்கு அந்தப்பக்கம் பரலோகம் வரைக்கும் தெரிந்தது. இறங்கிவிட்டேன். "கால்ல சுளுக்கு" என்றேன். மறுநாள் மரக்கட்டை மேல் நடக்கும்போது சுளுக்கு இன்னொரு காலுக்கு மாறியது.

சுபேதார் நல்ல மனிதர். ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரையும் 'ஜவான்' என்றுதான் கூப்பிடுவார். என்னைப் பார்த்து, "ஜவான், நாளைக்கு எந்தக் காலு?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நாளைக்கு ஆற்றைக் கடந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆற்றின் இந்தக் கரை மருதமரத்துக்கும் அந்தக் கரை மருதமரத்துக்கும் இடையில் இரண்டு கயிறுகள் கட்டியிருந்தார்கள். கீழ்க்கயிற்றில் கால் வைத்து, மேல்கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். இடுப்பில் ஒரு கயிறு கட்டி, அதன் கொக்கியை மேல்கயிற்றில் மாட்டிவிடுவார்கள். கை விட்டாலும் விழ முடியாது. கீழே ஆறு கலங்கலாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. மேலே மலையில் மழை பெய்திருந்ததால் அடி தெரியவில்லை.

எனக்கு முன்னால் எல்லாரும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். என் முறை வந்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தோப்புக்குள் ஒரு வெள்ளை வேட்டி வந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி, கையில் முறுக்கு டப்பா. அப்பா!

எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"கம்பத்துல ஒரு சரக்கு விசயம்" என்றார் பிரேமா மிஸ்ஸிடம். "அப்படியே இவ அம்மா முறுக்குக் குடுத்துவிட்டா." பிறகு என் பேன்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நேராகக் கயிற்றிடம் போய் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்கன வாங்குனது?" என்று சுபேதாரைக் கேட்டார்.

சுபேதார் அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "என்ன மொதலாளி, மறந்துட்டீகளா? போன மாசம் உங்க கடையிலதான வாங்குனேன்! யானையவே கட்டலாம்னு நீங்கதான சொன்னீக!"

அப்பாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "நீ போக வேணாம் தாயி."

"ஏன்ப்பா? நல்ல கயிறு இல்லையா?"

"நல்ல கயிறுதான். ஆனா யானையக் கட்டலாம்னு யாவாரத்துக்குச் சொல்றது வேற. பெத்த புள்ளையக் கட்டுறது வேற."

நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுபேதார், "ஜவான், தயாரா?" என்கிறார். இப்போது பின்வாங்கினால் சுளுக்கும் இல்லை, மெட்ராஸும் இல்லை. "நான் பயப்படலப்பா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றில் கால் வைத்தேன்.

பாதி வரைக்கும் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு போனேன் என்று சரோஜா சொல்கிறாள். பாதியில் கண்ணைத் திறந்ததுதான் தப்பு. கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால், தண்ணீர் நின்றுகொண்டு நான் ஓடுவது போல இருந்தது. கைகள் இரண்டும் கயிற்றோடு ஒட்டிப்போயின. கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

"கீழ பாக்காத ஜவான்! நேராப் பாரு! வலது காலை நகத்து!" என்று கரையிலிருந்து சுபேதார் கத்தினார். "மூச்ச நல்லா இழுத்து விடு கிரேஸ்!" என்றார் பிரேமா மிஸ். நான் இழுத்தேன். விட மறந்துவிட்டேன். பிறகு, தைரியசாலி என்று மூன்று வருடமாகப் பெயர் வாங்கியிருந்த நான், நாற்பது பேர் முன்னால் வாய்விட்டு, "அப்பா!" என்று அழுதேன்.

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பா கயிற்றில் ஏறிவிட்டார். "சார்! இடுப்புல கயிறு கட்டாம ஏறாதீக சார்!" என்று சுபேதார் பாய்ந்து பிடிப்பதற்குள் கைக்கு எட்டாத தூரம் போய்விட்டார்.

"எம்புள்ள அங்கன தனியா நிக்குது!" என்று மட்டும் திரும்பாமல் சொன்னார்.

அவர் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் கயிறு முழுவதும் குலுங்கியது.

"அப்பா, ஆட்டாதீங்கப்பா!"

"நான் ஆட்டலத்தா. நடுங்குறேன்."

எப்படியோ என் பக்கத்தில், ஒரு முழ தூரத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து நின்று, கீழே பார்த்தார். பிறகு அவரும் அசையவில்லை. அப்பாவும் மகளும் ஆற்றுக்கு நடுவில், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

"இப்ப என்னப்பா செய்யணும்?" என்று கேட்டேன்.

"அத நான் யோசிக்கல தாயி."

"பின்ன ஏன்ப்பா வந்தீங்க?"

"நீ கூப்பிட்டியே."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அப்பாவின் குரல் திடீரென்று இறங்கிப்போனது.

"கிரேசு... வேட்டி."

"என்னப்பா வேட்டிக்கு?"

"அவுருது."

பார்த்தேன். இடுப்பில் சொருகியிருந்த முனை வெளியே வந்துவிட்டது. அப்பாவால் கையை எடுக்க முடியாது, எடுத்தால் விழுவார். கரையில் கல்லூரிப் பெண்கள் மொத்தமும். கடையில் சட்டையின் மேல் பொத்தானைக்கூடத் திறந்து வைக்காத மனிதர் அவர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "கர்த்தரே, கர்த்தரே" என்று முணுமுணுத்தார்.

சற்றுமுன்வரை கயிற்றோடு ஒட்டிப்போயிருந்த என் வலது கை, நான் சொல்லாமலேயே கயிற்றை விட்டது. சட்டென்று குனிந்து வேட்டி முனையைப் பிடித்துவிட்டேன். பிடித்தேனே தவிர, நான் குனிந்த வேகத்தில் கயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பாவின் கால் வழுக்கியது.

தொபீர்!

அப்பா ஆற்றில். வேட்டி என் கையில்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அலறினேன். கரையில் இருந்தவர்களும் அலறினார்கள். அந்த அலறல் அடங்குவதற்குள் கீழேயிருந்து அப்பாவின் குரல், மிகச் சாதாரணமாக, கொஞ்சம் ஏமாற்றத்தோடுகூட வந்தது.

"அட! தண்ணி இவ்வளவுதானா!"

கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் இடுப்பளவு. கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னை அண்ணாந்து பார்த்தார்.

சுபேதார் தண்ணீரில் இறங்கப் போனார். அப்பா இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்தார். "யாரும் வராதீக! வேட்டி வந்தாத்தான் நான் வெளிய வருவேன்!"

"மாமா, என் தாவணி பையில இருக்கு, தரவா?" என்று கரையிலிருந்து சரோஜா கத்தினாள்.

"வேணாம்த்தா! நீ நல்லா இருப்ப!"

"நான் இங்கேயிருந்து வேட்டியைப் போடவாப்பா?" என்று கேட்டேன்.

"போட்டுராத! ஆறு இழுத்துட்டுப் போயிரும்!"

இந்தக் கரை முழுக்கப் பெண்கள். அந்தக் கரையில் ஈ காக்கை இல்லை. நல்ல அடர்த்தியாக நாணல் புதர். அப்பா மானத்தோடு கரையேற வேண்டுமென்றால் அந்தக் கரையில்தான் ஏற முடியும். வேட்டி அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் நான்தான் கொண்டுபோக வேண்டும். ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு அப்பாவும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

"வா தாயி" என்றார். "விழுந்தாலும் இடுப்பளவுதான். நான் விழுந்து பாத்துட்டேன்."

வேட்டியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். ஒரு காலை நகர்த்தினேன். அப்பா தண்ணீருக்குள்ளேயே எனக்கு நேர் கீழாக ஓர் அடி நகர்ந்தார். அடுத்த காலை நகர்த்தினேன். அவரும் நகர்ந்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டே நடந்தார், நான் விழுந்தால் பிடித்துக்கொள்ளப் போகிறவர் போல. (கொக்கி மாட்டியிருந்த நான் விழவே முடியாது. அது வேறு விஷயம்.) பாசிக் கல்லில் இரண்டு தடவை வழுக்கினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ வா" என்றார். "அந்தக் காலு... ஆங்... இப்ப இந்தக் காலு... நல்லா வருது... ஏ, மேல பாத்து நட, என்னையப் பாக்காத!"

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. கீழே பார்க்கக்கூடாது என்று காலையிலிருந்து எல்லாரும் சொன்னார்கள். கீழே அப்பா இருந்ததால் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

அந்தக் கரை மருதமரத்தைக் கட்டிப்பிடித்தபோது பின்னால் ஆரவாரம் காதைக் கிழித்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு, நாணல் புதர் பக்கம் வேட்டியை எறிந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா நனைந்த சட்டையோடும் நனையாத வேட்டியோடும் வெளியே வந்தார். எதிர்க்கரையிலிருந்து சுபேதார் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். எனக்கா, அப்பாவுக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே பதிலுக்கு அடித்தோம்.

இரண்டு பேரும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தோம்.

"நான் பயந்துட்டேன்ப்பா" என்றேன். பந்தயத்தில் தோற்றது தெரிந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

"தெரியும்."

"அப்ப மெட்ராஸ்?"

அப்பா சட்டையைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார். "பயந்தபெறகும் வந்து சேந்துட்டயில்ல. போயிட்டு வா. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இந்த வேட்டி விசயத்த மட்டும் நீ பேசாத" என்றார்.

நான் பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை. ஆனால் நாற்பது பெண்களின் வாயை யார் கட்டுவது? சட்டை காயட்டும் என்று அப்பா கம்பத்தில் காபி குடித்து, சின்னமனூரில் பஸ் மாறி, மெதுவாக வீடு வந்து சேர்வதற்குள் கதை அவருக்கு முன்னாலேயே தேனி கடைவீதிக்கு வந்துவிட்டது. அவர் படியேறியதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயத்தை அளப்பதற்கு அதுதான் அளவு. நான் மெட்ராஸ் விடுதியிலிருந்து முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அப்பா, "அங்கன தண்ணி எவ்வளவு?" என்றார். "கழுத்து வரைக்கும்ப்பா" என்று சொல்லி அழுதேன். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அடுத்த தடவை, "இடுப்பளவு" என்றேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் இதே கேள்விதான். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் விழித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு கதை தெரிந்து, இப்போது வருமான வரி கட்டும்போதெல்லாம் அவரும் தண்ணீர் அளவு சொல்கிறார். சரோஜா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். தொலைபேசியில் என் குரல் கேட்டதும், 'கிரேசு' என்பதற்குப் பதில் "வேட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

பல வருடம் கழித்து அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் வந்து, மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. எனக்கும் அதே அறுவை முந்தின வருடம்தான் நடந்திருந்தது. (குடும்பச் சொத்து வேறு என்ன இருக்கிறது எங்களுக்கு?) அதற்குப் பிறகு அவர் பல காலம் நன்றாகக் கடையில் உட்கார்ந்திருந்தார் என்பதால் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"இடுப்பளவுதான்ப்பா. நான் விழுந்து பாத்துட்டேன்."

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். வண்டி நகர்ந்து கதவுப் பக்கம் போனதும், ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டிருந்த பச்சை அங்கியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் தூக்கிக் குரல் கொடுத்தார்:

"சரி, போறேன். இந்தச் சட்டையையாவது இறுக்கிக் கட்டச் சொல்லு."